நாலுக்கு ரெண்டு போதுமா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயம்: வீட்டுப் பின்புறம் ஒரு சாமான் கொட்டில். நாலு நாள் வெயில் எறித்தால் போதும், கண்டிக்காரருக்குக் கூரை போடும் ஆசை வந்துவிடுகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு மரத்தையே எடுத்துக்கொள்வோம்.

கே: 8 அடிக்கு 10 அடியில் ஒரு பக்கச் சரிவாகக் கொட்டில் போடுகிறேன். மண்வெட்டி, புல்வெட்டி, உரப்பை வைக்கத்தான். கைமரத்துக்கு மூன்றுக்கு ரெண்டு அங்குலம் போதும் என்கிறார் மரக்காலைக்காரர். ஐந்துக்கு ரெண்டு வேண்டும் என்கிறார் தச்சு பாஸ். என் மைத்துனர் நாலுக்கு நாலு போடச் சொல்கிறார். யாரை நம்புவது? (கட்டுகஸ்தோட்டை வாசகர்)

ப: கூரைக்கு மேலே என்ன போடப் போகிறீர்கள் என்று மூன்று பேரில் ஒருவராவது கேட்டாரா? கேட்காமல் சொன்ன அளவு எதுவும் அளவல்ல.

நிறத் தகடு என்றால் சதுர மீற்றருக்கு 5 கிலோ அளவில்தான் பாரம். அஸ்பெஸ்டஸ் அதைப்போல மூன்று மடங்கு. ஓடு என்றால் காய்ந்த நிலையிலேயே 40 கிலோவுக்கு மேல். ஐப்பசி மழையில் ஊறினால் இன்னும் கூடும். தகட்டுக்கும் ஓட்டுக்கும் ஒரே கைமரம் சொல்பவர் இரண்டில் ஒன்றில் உங்களை ஏமாற்றுகிறார்: ஒன்று பணத்தை, இல்லையேல் கூரையை.

நீங்கள் தகடு போடுவதாக வைத்துக்கொள்கிறேன். கைமரம் தாண்ட வேண்டிய தூரம் 8 அடி. நாலுக்கு ரெண்டு, நிமிர்த்தி வைத்து, இரண்டரை அடிக்கு ஒன்று. 10 அடி நீளத்துக்கு ஐந்து கைமரம். அவ்வளவுதான். மூன்றுக்கு ரெண்டு முறிந்து விழாது. ஆனால் நடுவில் தொய்யும், தொய்ந்த இடத்தில் தண்ணீர் தங்கும். 5 அடி அகலக் கொட்டில் என்றால் மரக்காலைக்காரர் சொன்னதே சரி.

மைத்துனர் விடயம் தனி. நாலுக்கு ரெண்டை விட்டு நாலுக்கு நாலு வாங்கினால் மரம் இரட்டிப்பு, விறைப்பும் இரட்டிப்பு. அதையே ஐந்துக்கு ரெண்டாக வாங்கினால் மரம் கால்பங்குதான் கூடும். விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். வளையாமல் நிற்கும் குணம் அகலத்தோடு ஒரு மடங்காகவும் உயரத்தோடு மும்மடிப் பெருக்கத்திலும் ஏறுவதால் வந்த வித்தியாசம் இது. மைத்துனரின் யோசனையால் இலாபம் காண்பவர் மரக்காலைக்காரர் ஒருவரே.

கே: கைமரத்தைப் படுக்கப் போட்டால் தகடு உட்கார வசதியாக இருக்கும் அல்லவா? (வாசகி, கம்பளை)

ப: தகடு வசதியாக உட்காரும், கைமரமும் சேர்ந்து உட்கார்ந்துவிடும். நாலுக்கு ரெண்டை நிமிர்த்தி வைத்தால் இருக்கும் விறைப்பில் கால்பங்குதான் படுக்கப் போட்டால் கிடைக்கும். பள்ளிக்கூட அடிமட்டத்தைப் படுக்க வைத்து வளைத்துப் பாருங்கள். பிறகு நிமிர்த்தி வளைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் முடியும்.

இதே தவறு கைமரத்தைத் தாங்கும் தலைவளையிலும் நடக்கிறது, அங்கே இன்னும் மோசம். செங்கல் சுவரின் மேல் வளையைப் படுக்க வைப்பார்கள். அது சரி, கீழே சுவர் முழு நீளத்துக்கும் தாங்குகிறது. அந்தப் பழக்கத்திலேயே பாஸ் உங்கள் மரத்தூண்களின் மேலும் படுக்க வைத்துவிட்டுப் போவார். அங்கே கீழே இருப்பது காற்று. தூணுக்குத் தூண் 5 அடி இருந்தால் நாலுக்கு ரெண்டை நிமிர்த்தியோ, நாலுக்கு மூன்றாகவோ வைக்கச் சொல்லுங்கள். 10 அடியையும் நடுத்தூண் இல்லாமல் தாண்டப் பார்க்காதீர்கள். ஆறு தூண், நாலுக்கு நாலு, கணக்கு முடிந்தது.

கே: யூரியூப்பில் ஓர் அமெரிக்கர் இதைவிடச் சின்னக் கொட்டிலுக்கு ஆறுக்கு ரெண்டு போடுகிறார். நாம் மட்டும் ஏன் நாலுக்கு ரெண்டோடு நிற்கிறோம்? (பேராதனை மாணவர்)

ப: அவர் கூரையில் மாதக்கணக்கில் பனி குவிந்து கிடக்கும். கண்டி கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவில்தான் இருக்கிறது. இங்கே கூரையில் குவிவது பலாச் சருகுதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அமெரிக்கக் கடையில் நாலுக்கு ரெண்டு என்று விற்கும் மரத்தை அளந்தால் மூன்றரை அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம்தான் இருக்கும். அறுத்து, காய்த்து, சீவிய பின் மிஞ்சும் அளவு அது. அங்கே தர அளவே அப்படித்தான். நம்மூர் முழு நாலுக்கு ரெண்டு அதைப்போல இரண்டு மடங்கு விறைப்பு. அவருடைய அளவைப் பார்த்து வாங்கினால் தேவைக்கு மேல் வாங்குவீர்கள்.

ஆனால் "நம்மூர் முழு" என்று நான் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டாம். மரக்காலைக்குப் போகும்போது அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். வாள் தின்றது கால் அங்குலம், காய்ந்து சுருங்கியது இன்னும் கொஞ்சம், அறுத்தவர் அவசரம் இன்னும் கொஞ்சம் என்று மூன்றரையை நாலென்று தருபவர்கள் இங்கேயும் உண்டு. அந்த அரை அங்குலக் குறைவு விறைப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். விலை மட்டும் குறையாது.

கே: உடவத்தக்கலைக் காட்டுப் பக்கம் வீடு. குரங்குக் கூட்டம் கூரையில் பாய்ந்தால் நாலுக்கு ரெண்டு தாங்குமா?

ப: செங்குரங்கு 5, 6 கிலோ. மந்தி அதைவிடக் கனம். அது உடைத்ததைத் திருத்த ஏறப்போகும் நீங்கள்? கைமரத்தை உங்கள் எடைக்குக் கணக்குப் பார்த்தால் குரங்குக்கு இலவசமாகத் தாங்கும். ஏறும்போது ஆணி வரிசையில் கால் வையுங்கள், அங்கேதான் கீழே மரம் இருக்கிறது. அஸ்பெஸ்டஸ் என்றால் பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். அதை உலர்ந்தபடி வாளால் அறுக்கவும் கூடாது. பறக்கிற தூசி நுரையீரலுக்குப் பகை.

கே: தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த பீலி ஓடுகள் இருக்கின்றன. கொட்டிலுக்கு அவற்றையே போடலாமா? (அக்குறணையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: போடலாம், அழகும்கூட. மூன்று செலவு கூடவே வரும். கைமரம் ஐந்துக்கு ரெண்டு, 2 அடிக்கு ஒன்று. மேலே ரெண்டுக்கு ஒன்று ரீப்பர் நெருக்கமாக. மூன்றாவது, சரிவு. தகட்டுக்கு 8 அடிக்கு 2 அடி இறக்கம் தாராளம். ஓட்டுக்கு அது போதாது. அதைப்போல இரண்டு மடங்கு கேட்கும். சரிவு குறைந்தால் மழைநீர் ஓட்டின் மேல் ஓடாது, அடியில் ஏறும். ஒரு பக்கச் சரிவில் இந்த உயரம் பார்க்க அசிங்கமாக இருக்கும். நடுவில் முகட்டு வளை வைத்து இரண்டு பக்கமும் இறக்கிவிடுங்கள்.

பழைய கண்டி வீடுகளைப் பார்த்திருப்பீர்கள்: மேல்பாதி செங்குத்தாக இறங்கி, கீழ்ப்பாதி வெளியே விரிந்து நிற்கும் கூரை. மேலே தண்ணீர் வேகமாக இறங்கவும், கீழே சுவரை விட்டுத் தள்ளி விழவும் செய்த ஏற்பாடு அது. கொட்டிலுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் தாழ்வாரத்தை ஒன்றரை அடி வெளியே விடுங்கள்.

கள்ளிக்கோட்டை ஓடு கிடைத்தால் அது கொஞ்சம் இலேசு, ஒன்றோடொன்று கொழுவிக்கொள்ளும். அதை இந்தப் பக்கத்துக்குப் பழக்கிவிட்டவர்கள் பாசல் மிஷன்காரர்கள். 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். வேதம் பரப்ப வந்தவர்கள் கூரையையும் பரப்பிவிட்டார்கள்.

கே: கைமரம் எத்தனை அடி நீளம் வாங்க வேண்டும்? அறை 8 அடி என்பதால் 8 அடி தானே?

ப: அப்படி வாங்கியவர்கள் எல்லோரும் மறுநாள் மரக்காலை வாசலில் நின்றிருக்கிறார்கள். அறை 8 அடி, முன்னும் பின்னும் ஒன்றரை அடி தாழ்வாரம், சேர்த்து 11. சரிவு அதை 11 அடி 4 அங்குலம் ஆக்கும். 12 அடி வாங்குங்கள்.

கே: மனையடி சாஸ்திரப்படி கொட்டில் எத்தனை அடி இருந்தால் நல்லது? (நாவலப்பிட்டி வாசகர்)

ப: 8, 10 இரண்டுமே நல்ல கணக்கு, 7உம் 9உம் ஆகாது என்பார்கள். மரம் 8, 10, 12 அடியாக வருவதால் மரக்காலை சாஸ்திரமும் இதையேதான் சொல்கிறது. 9 அடிக்கு 10 அடி மரம் வாங்கினால் துண்டாக விழும் ஓர் அடி யாருக்குப் போகிறது? அடுப்புக்கு. ஆகாது என்றது அதைத்தானோ என்னவோ.

கே: எந்த மரம்? மரக்காலையில் பத்துப் பெயர் சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

ப: பத்தும் வேண்டாம். அல்பீசியா மலிவு. கொங்கிரீட் தட்டு அடைக்க, ஒரு வேலைக்கு உதவும்; கூரைக்கு ஏற்றினால் பூச்சிக்கு விருந்து. லுனுமிதெல்ல இலேசு, நேராக நிற்கும். மழைபடாத கைமரத்துக்கும் ரீப்பருக்கும் தாராளமாகப் போடலாம். கினிசப்பு மலைநாட்டின் நம்பிக்கையான நடுத்தர மரம். கைமரத்துக்கு என் வாக்கு அதற்கே. தோட்டத்தில் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியா, தேயிலைக்கு நிழல் கொடுத்து ஓய்ந்த பின் பலகையாக வரும். உள்வேலைக்குப் பரவாயில்லை, மண்ணில் கால் வைத்தால் தாங்காது.

யூகலிப்டஸ் பலசாலி, ஆனால் கோபக்காரன். பச்சையாக அறுத்து ஏற்றினால் வெயில் பட்டதும் முறுக்கிக்கொண்டு தகட்டு ஆணியைப் பிடுங்கும். காய்ந்ததா என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். ஒரே அளவில் இரண்டைத் தூக்கிப் பாருங்கள், கனமானது ஈரம். முனையில் வெடிப்பு ஓடியிருந்தால் அந்தத் துண்டை வேறு ஆளுக்கு விடுங்கள்.

தூணுக்கு மட்டும் காசைப் பார்க்காதீர்கள். பலா. அதிலும் மஞ்சள் வைரம். ஓரத்து வெள்ளையைக் கறையான் விடாது, வைரத்தை எளிதில் தொடாது. பிக்குமாரின் சீவரத்துக்குச் சாயம் கொடுத்த மஞ்சள் அதுதான்.

மாஹோகனியும் தேக்கும் கேட்காதீர்கள். கடப்பாரை சாத்தி வைக்கும் இடத்துக்கு மாஹோகனிக் கைமரம் போடுபவருக்கு என்னிடம் ஆலோசனை இல்லை, வாழ்த்து உண்டு.

கே: பலா என்கிறீர்கள். வீட்டு வளவிலேயே ஒன்று நிற்கிறது. வெட்டிவிடலாமா? (தெல்தோட்டை)

ப: உங்கள் வளவு, உங்கள் மரம், ஆனால் கோடரி எடுக்க முன் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் மூன்று மரங்களுக்குக் காவல் நிற்கிறது: பலா, ஈரப்பலா, பெண்பனை. மூன்றும் சோறு போடும் மரங்கள் என்பதைக் கவனியுங்கள். கிராம அலுவலரிடம் தொடங்குங்கள். வெட்டியதை லொறியில் ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதிப் பத்திரம் கேட்பார்கள். சில இனங்களுக்குத்தான் விலக்கு. ஆறு தூணுக்காக ஒரு பலாவைச் சாய்ப்பதை விட, பழைய வீடு இடிக்கும் இடத்தில் நிலைக் கட்டையும் வளையும் விலைக்குக் கேளுங்கள். ஐம்பது வருடம் காய்ந்த மரம் இனி முறுக்காது. ஆணியைப் பிடுங்காமல் மட்டும் வாளுக்குக் கொடுக்காதீர்கள்.

கே: யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கூரை முழுக்கப் பனங்கைமரம். கண்டிக்கு அது ஒத்துவருமா? (அம்பிட்டியில் குடியேறிய வாசகி)

ப: மரம் ஒத்துவரும், லொறிக் கூலி ஒத்துவராது. முற்றிய பனையின் வெளிப்புறக் கருவைரத்துக்கு ஈடு குறைவு. தென்னையும் அப்படித்தான், ஓரம் இரும்பு, நடு சோறு. நடுத்துண்டைக் கைமரம் என்று யாராவது தந்தால் திருப்பிக் கொடுங்கள். இந்தப் பக்கத்தில் கித்துள் உண்டு. ஆனால் கருப்பட்டியும் கள்ளும் தரும் மரத்தைக் கூரைக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கே: தூணை 2 அடி மண்ணில் புதைத்துச் சுற்றிச் சீமெந்து ஊற்றினால் உறுதிதானே?

ப: ஊற்றிய நாளில் உறுதி. சீமெந்துக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும், மழைநீர் இறங்கும், வெளியேற வழி இருக்காது. தூண் தரைமட்டத்தில்தான் உக்கும். மேலே பார்த்தால் புதுமணப்பெண் மாதிரி நிற்கும். கொங்கிரீட் கட்டையைத் தரைக்கு மேல் ஆறு அங்குலம் எழுப்பி, இரும்புத் தட்டில் தூணை நிறுத்தி, தண்டாணி போடுங்கள். கறையான் ஏற வேண்டுமானால் வெளியே மண்பாதை கட்டித்தான் ஏற வேண்டும், நீங்கள் கண்டு தட்டிவிடலாம்.

கழித்த எஞ்சின் ஒயில் பூசுவதைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். நாற்றம் வருடக்கணக்கில் நிற்கும், மழையில் கசிந்து பக்கத்துக் கத்தரிப் பாத்திக்குப் போகும். வேண்டாம். போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்துப் பூசுவது கூரைக்கு உள்ளே நல்லது. நனையும் இடத்தில் மழையோடு கரைந்து போய்விடும்.

கே: எம்பெக்கவைப் போய்ப் பார்த்தேன். அந்தக் காலத்துத் தச்சன் எந்த அட்டவணையைப் பார்த்து அளவு போட்டான்? (வாசகர், பிலிமத்தலாவ)

ப: நல்ல கேள்வி, கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன். எம்பெக்க தேவாலயம் 14ஆம் நூற்றாண்டு, கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது; உள்ளே இருப்பது நம் கதிர்காமக் கந்தன். எல்லோரும் தூண் சிற்பத்தைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் அண்ணாந்து பார்த்திருந்தால் மண்டபத்துக் கூரையின் ஓரக்கோடியைக் கண்டிருப்பீர்கள்: 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன, ஒரே மரத்தாலான பெரிய முளை எல்லாவற்றையும் கொழுவிப் பிடிக்கிறது. மடோல் குருபாவ என்பது அதன் பெயர். தூண்களைச் செதுக்கியவர் டெல்மட மூலாச்சாரி என்பது வழிவழியாக வரும் பேச்சு.

அட்டவணை இல்லை. முன்னால் விழுந்த கூரைகள் இருந்தன. எது தொய்ந்தது, எது நின்றது என்று கண்ணால் கண்ட பரம்பரை இருந்தது. அதனால் அவர்கள் மரத்தைத் தடிப்பாகவே போட்டார்கள். காடு பக்கத்தில், விலை கேட்க ஆள் இல்லை. நமக்கு மரம் விலை, ஆகவே கணக்கு. ஆனால் அவர்களிடமிருந்து இன்றைக்கும் எடுக்கக்கூடியவை இரண்டு. அவர்களுடைய தூண் மண்ணில் புதையவில்லை, கல்லின் மேல் நிற்கிறது. அவர்கள் மூளையைச் செலவிட்டது மரத்தின் தடிப்பில் அல்ல, மரமும் மரமும் சந்திக்கும் இடத்தில். கொட்டில் கூரை விழுந்தால் போய்ப் பாருங்கள்: கைமரம் முறிந்திருக்காது, மூட்டுக் கழன்றிருக்கும்.

கே: அப்படியானால் மூட்டுக்கு என்ன செய்ய? நாலு அங்குல ஆணி இரண்டு போதாதா?

ப: கைமரம் கீழே விழாமல் இருக்கப் போதும். மேலே பறக்காமல் இருக்கப் போதாது. தகட்டுக் கூரைக்குப் பாரம் குறைவு என்று மகிழ்ந்தோமே, அதுவே காற்று நாளில் வினை. அடியில் புகுந்த காற்று முழுக் கூரையையும் தூக்கப் பார்க்கும். ஒவ்வொரு கைமரத்தையும் தலைவளையோடு இரும்புப் பட்டியால் சுற்றிக் கட்டுங்கள், வளையைத் தூணோடு கட்டுங்கள், தூணைக் கட்டையோடு தண்டாணியால் பிடியுங்கள். ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை வீண்.

கைமரம் வளையில் உட்கார வெட்டும் பள்ளம், மரத்தின் உயரத்தில் கால்பங்குக்கு மேல் போக வேண்டாம். நாலு அங்குலத்தில் ஓர் அங்குலம். சில பாஸ்மார் பாதி வரை வெட்டிவிட்டு "அழகாக உட்கார்ந்தது" என்பார்கள். நீங்கள் வாங்கிய நாலுக்கு ரெண்டு அந்த இடத்தில் ரெண்டுக்கு ரெண்டாகிவிட்டது. தூண்களுக்கு நடுவே மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் கட்டையும் அடியுங்கள். அது இல்லாத சட்டகம் தள்ளினால் சாயும், எவ்வளவு தடித்த மரமானாலும்.

கே: வேலை முடிந்ததும் கொட்டிலில் கணவரைக் குடியேற்றலாமா? (பெயர் வேண்டாம், கலஹா)

ப: நாம் போட்ட கணக்கு தகட்டுக்கு மட்டும். அவர் முதலில் சீலிங் கேட்பார், பிறகு மின்விசிறி தொங்கவிடுவார், கைமரம் ஐந்துக்கு ரெண்டாகும். பிறகு உள்ளூராட்சி மன்றம் அனுமதி கேட்கும். வீட்டிலேயே வைத்துக்கொள்வது மலிவு.

கே: வளவு சரிவாக இருக்கிறது. பின்பக்கம் மண்ணை வெட்டிச் சமப்படுத்தியா கொட்டில் போடுவது?

ப: கண்டி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? மண்ணை வெட்டாதீர்கள், தூணை நீட்டுங்கள். முன்தூண் உயரமாக, பின்தூண் கட்டையாக நிற்கட்டும். வெட்டியே ஆக வேண்டிய இடமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை பெறாமல் மண்வெட்டியைத் தொட வேண்டாம்.

அடுத்த முறை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எத்தனை அங்குலம் போட?" என்று மட்டும் எழுதினால் என்னால் பதில் சொல்ல முடியாது. கைமரம் தாண்டும் தூரம், மேலே போடும் பொருள், மரத்தின் பெயர் மூன்றையும் குறிப்பிடுங்கள். மைத்துனர் சொன்ன அளவை எழுத வேண்டியதில்லை.